குமிழி எண்ணச் சொன்ன மத்தியானம்

ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு "ஏ நர்சம்மா" என்று ஊர் கேட்கக் கூப்பிடும் என் அண்ணனுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. உன் கடைசி மத்தியானத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதலில் உனக்குத்தான் அது தெரிய வேண்டும்.

பீங்கான் ஆலையில் கல் அரைக்கும் பக்கம் பத்து வருஷம் வேலை பார்த்தாய். சாயங்காலம் வரும்போது உன் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். வெல்லம் தின்றால் தூசு வயிற்றோடு இறங்கிவிடும் என்று ஆலையில் எல்லாரும் ஆளுக்கொரு கட்டி வாயில் அடக்கிக்கொள்வீர்கள். நர்ஸ் வேலைக்குப் படித்த நானும் அதை நம்பினேன். அண்ணி மறந்த நாளில் உன் தூக்குச்சட்டியில் நான்தான் வெல்லம் வைத்தேன். தூசு போகிற இடம் வயிறு இல்லை என்று எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா?

பிறகு இரைப்பு வந்தது. காசநோய் என்று ஊசி போட்டார்கள். சளியில் கிருமியும் தென்படவில்லை, இரைப்பும் குறையவில்லை. மாசி மகத் தேர் பார்க்கப் போன நீ, வடம் நகர்வதற்குள் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாய்.

அந்தக் கடைசி மத்தியானம் அண்ணி உன்னை ரிக்‌ஷாவில் கொண்டுவந்தபோது டூட்டியில் நான்தான் இருந்தேன். உன் நகமெல்லாம் நீலம். டாக்டர் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன ரொம்பக் கம்மியா வைங்க சிஸ்டர். தண்ணி பாட்டில்ல குமிழி ஒண்ணொண்ணா எண்ணுற மாதிரி வந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் பிரசவ கேஸுக்கு ஓடினார்.

ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் ஆஸ்பத்திரியில் பஞ்சும் ஸ்பிரிட்டும்கூட அளந்துதான் வரும். இருந்ததோ ஒரே சிலிண்டர், அடுத்தது வெளியூரிலிருந்து லாரியில் வந்தால் உண்டு. சிக்கனம் பார்க்கிறார் என்றே நினைத்தேன். என் அண்ணன் உயிரிலா சிக்கனம் என்று ஆத்திரமாக வந்தது. சிலிண்டர் சாவியை எடுத்து நன்றாகத் திருகிவிட்டேன். ஆக்சிஜன் கடந்து வரும் பாட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதிப்பது போல் குமிழி வந்தது.

உன் உதடு சிவந்தது. இரைப்பு அடங்கியது. "இப்பதான் மொவத்துல ரத்தம் ஓடுது" என்று அண்ணி கும்பிட்டார். நீ கண்ணை மூடினாய். "தூங்கட்டும் அண்ணி, தூங்கி எத்தனை நாளாச்சு" என்று சொன்னவளும் நான்தான். மூச்சை எண்ணவில்லை. நிறத்தைப் பார்த்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு மணி டீ வரும்போது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே வெகுநேரம் ஆனது. டாக்டர் ஓடி வந்து ஆக்சிஜனைக் குறைத்தார், உன்னை உலுக்கினார், மார்பை அமுக்கிப் பார்த்தார். நீ எழுந்திருக்கவில்லை. அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

இரண்டு வருஷம் கழித்து என்னைப் புதுச்சேரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து, ஓட்டமாகக் கொண்டுபோய் ஒரு மிஷினில் விடுவார்கள். ஆக்சிஜன் எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்று அது தனித்தனியாகச் சொல்லும். முகம் சிவப்பாகிக்கொண்டே வரும்போது உள்ளே கரியமில வாயுவும் ஏறிக்கொண்டே போகலாம். நகத்தைப் பார்த்தால் அது தெரியாது.

அங்கிருந்த டாக்டரம்மா விளக்கினார். வருஷக்கணக்காக நுரையீரல் கெட்டவர்களுக்குக் கரியமில வாயு உடம்புக்குப் பழகிப்போகும். ஆக்சிஜன் போதவில்லை என்ற தவிப்புதான் அவர்களை மூச்சு விட வைக்கும். அந்தத் தவிப்பை ஒரேயடியாகத் தீர்த்துவிட்டால் மூச்சு தளர்ந்துவிடும். பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் போலத் தெரியும். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் அழுதேன்.

குறைத்து வைத்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? தெரியாது. உன் நுரையீரல் ஏற்கெனவே பாழாகியிருந்தது. ஆனால் அன்றைக்கே போயிருப்பாயா?

போன வாரம் உன்னோடு கல் அரைத்த கோவிந்தனைக் கொண்டுவந்தார்கள். அதே நீலம், அதே இரைப்பு. டாக்டர் வரும்வரை குமிழி எண்ணும் அளவுக்கு மட்டும் திறந்தேன். பக்கத்து வீடு என்பதால் அண்ணியும் கூட வந்திருந்தார். கோவிந்தனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தெறந்து வுடும்மா" என்று கெஞ்சினார். அண்ணியும் சேர்ந்துகொண்டார். "எங்க வூட்டுக்காரருக்கு நல்லா தெறந்து வுட்டுதே சரோஜா! எவ்ளோ நிம்மதியா தூங்குனாரு தெரியுமா? இவுருக்கும் அப்படியே வுடேன்."

"வேணாம் அண்ணி. இவுரு தூங்கக் கூடாது" என்றேன். கோவிந்தனின் கண் செருகும்போதெல்லாம் தட்டி எழுப்பிப் பெயரைக் கேட்டேன். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டுவதற்கு மூச்சு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தது. நாலாம் நாள் ரிக்‌ஷா ஏறி வீட்டுக்குப் போனார். குணமாகவில்லை. உயிரோடு போனார்.

அன்றைக்கு அண்ணி என்னிடம் வந்து நின்றார். "கம்மியா வெச்சதாலதான் பொழச்சாருன்னு டாக்டரு சொல்றாராமே?"

"ஆமா அண்ணி."

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "சரி, போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். ஆறு வருஷமாக, நாத்தனார்தான் உன்னை நிம்மதியாகத் தூங்க வைத்தாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குப் பூ கொண்டுவருவார். இந்த வெள்ளிக்கிழமை வரவில்லை.

அண்ணே, நாளைக் காலை டூட்டிக்கு முன்னால் உன் வீட்டுக்குப் போகிறேன். அண்ணி கேட்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். கதவைத் திறந்ததுமே சொல்லிவிடுவேன், டாக்டர் கம்மியாக வைக்கச் சொன்ன பிறகும் திருகிவிட்டவள் நான்தான் என்று. அதற்கப்புறம் அவர் என்னை உள்ளே கூப்பிட்டாலும் சரி, கதவைச் சாத்தினாலும் சரி.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லாத
உன் தங்கச்சி,
சரோஜா