எழுபத்திரண்டு மணித்தியாலம்

சனி, 8
காலையிலிருந்து மழை. விடிய ஐந்து மணிக்கு ஆணுறை கிழிந்துவிட்டது. கபிக்கு எட்டு மாதம், வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. இரண்டு வருடத்துக்கு அடுத்ததை நினைக்கவே கூடாது என்றவர் டாக்டர். சுதன்: “ஒண்டும் நடக்காது. சும்மா யோசிக்காதையும்.” குடையோடு வேலைக்குப் போய்விட்டார்.

தெருமுனை ஃபார்மசிக்குப் போனேன். கடைக்காரர் மாமிக்கு, சுதனின் அம்மாவுக்கு, நல்ல பழக்கம். கேட்க வந்ததைக் கேட்காமல் தலையிடிக் குளிசை வாங்கிக்கொண்டு திரும்பினேன். மடச்சி.

ஞாயிறு, 9
வெக்கை. மாமியின் சொந்தக்காரர் ஆறு பேர் சாப்பாட்டுக்கு. வெளியே போக வழியில்லை. அவசரக் கருத்தடைக் குளிசை 72 மணித்தியாலத்துக்குள். பிந்தப் பிந்தப் பலன் குறைவு. கத்தரிக்காய் வதக்கும்போது 31 மணித்தியாலம் போய்விட்டது.
“இவள் என்ன, ஃபோனையே பாக்கிறாள்?” மாமியின் தங்கை, குசினி வாசலில்.

திங்கள், 10
கொட்டாஞ்சேனை. மதிய இடைவேளையில் அலுவலகத்துக்குப் பக்கத்து ஃபார்மசி. இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. கவுண்டரில் முக்காடு போட்ட பெண், குரலைத் தாழ்த்தி: “எப்ப நடந்த?”
சனி விடிய என்றேன்.
“நேரம் இருக்கு. சொணங்காம இப்பவே குடிங்க. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சத்தி எடுத்தா இன்னொண்டு குடிக்கோணும். அதுவும் தவறினா கருப்பையில வைக்கிற லூப். அஞ்சு நாளைக்குள்ள கிளினிக்ல போடலாம். அதுதான் ஆக நம்பிக்கை.”
பால் கொடுக்கலாமாம்.

12.45 குடித்தேன். 1.50 சத்தி. குடித்த குளிசையும் வெளியே, எல்லாம் போச்சு. மேலாளர் கூட்டத்தை ஐந்து மணிவரை இழுத்தார். அலுவலகத்தால் இறங்கினால் அந்தக் கடை பூட்டு. பஸ். வெள்ளவத்தை ஆறு மணி. 61.

தெருமுனைக் கடையில் மாமி, பிரஷர் குளிசைக்கு நிற்கிறார். திரும்பிவிட நினைத்தேன். முடியவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன், குளிசையின் பெயர் சொல்லியே. மத்தியானம் போட்டது சத்தியோடு போய்விட்டது, இன்னொன்று வேண்டும் என்றும் சொன்னேன். பெட்டியை எடுத்து வைத்தார். மாமி பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னை.

வீதியில்:
“வெறும் வயித்திலையோ போட்டனி?”
“ஓம் மாமி.”
“வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போடு.”

புதன், 12
குளிசை தங்கிவிட்டது. தலைச்சுற்று. சுதன்: “இப்ப சரிதானே?” சரியா என்று இப்போதே யாருக்குத் தெரியும்? மார்பு நோகிறதா? அழுத்திப் பார்த்தேன். கலண்டர் பார்த்தேன். திரும்பவும்.

வெள்ளி, 28
மூன்று நாள் பிந்தி, இன்று வந்தது. குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். கிளினிக் குடும்பநல மாதுவுக்கு ஃபோன். லூப் போட திங்கள் வரட்டாம். மாமியிடம் சொன்னேன். கபி அவர் இடுப்பில்.
“நான் பிள்ளையைப் பாக்கிறன். சுதனை லீவு போடச் சொல்லு. அவனும் வந்து நிக்கட்டும்.”