இரண்டு எந்தப் பக்கம்

செவ்வாய், 14

மன்னிக்க வேண்டும். இது கணக்குக் கொப்பி, இதில் இப்படியெல்லாம் எழுதக்கூடாது. பின் அட்டையிலிருந்து திருப்பி எழுதுகிறேன். இரண்டு பக்கம் மட்டும்.

காலையில் வெயில். பத்து மணிக்குப் பிறகு துறைமுகத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது. பெய்யவில்லை.

அம்மாவின் தேத்தண்ணிக் கடையில் உதவிக்கு நிற்கும் அக்காவுக்குக் காய்ச்சல். நான் போனேன். மூதூர்ப் படகு வரும் நேரம், சனம். அம்மா பிளேன்ரீ ஊற்றினார். நான் பனங்கட்டி வைத்தேன். எங்கள் கடையில் சீனி கலக்குவதில்லை. கடித்துக் கடித்துத்தான் குடிப்பார்கள். ஒரு கிளாசுக்கு இரண்டு துண்டு.

இருபதாவது கிளாசில் போத்தலைப் பார்த்தேன். புதுப் போத்தல், நாற்பது துண்டு போட்டு வைத்தது. வெறும் போத்தல்.

இருபது கிளாஸ், நாற்பது துண்டு.

கிடுக்கியோடு அப்படியே நின்றுவிட்டேன். போன சனிக்கிழமை, நான் படிப்பிக்கும் பொருளியல் வகுப்பில், இருபது கிளாசுக்குப் பத்துத் துண்டு என்று பலகையில் எழுதியிருக்கிறேன்.

"என்ன பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? அவருக்குக் குடு."

கொடுத்தேன். எத்தனை கொடுத்தேன் என்று ஞாபகமில்லை.

செவ்வாய், பின்னேரம்

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாயிற்று.

கணக்கு: தேத்தண்ணி ஒன்று 40 ரூபா, பனங்கட்டி ஒரு துண்டு 10 ரூபா, கையில் 900. ஒரு கிளாசுக்கு இரண்டு துண்டு, ஒன்றில்லாமல் மற்றதால் பிரயோசனமில்லை. பயன்பாட்டை உச்சப்படுத்துக.

நான் எழுதியது: தே = 2ப. விடை: தே 20, ப 10. செலவு 900. சரி.
எழுதியிருக்க வேண்டியது: ப = 2தே. விடை: தே 15, ப 30. செலவு 900. அதுவும் சரி.

இதுதான் என்னை ஏமாற்றியது. பிழையான விடையும் முழு எண்ணாக வந்தது, காசும் சதம் மிச்சமில்லாமல் முடிந்தது. தசமத்தில் வந்திருந்தால் நின்று யோசித்திருப்பேன்.

"ஒரு கிளாசுக்கு இரண்டு துண்டு" என்று வாயால் சொல்லிக்கொண்டே, கேட்ட ஒழுங்கிலேயே இரண்டைத் துண்டோடு சேர்த்து எழுதியிருக்கிறேன். இரண்டால் பெருக்க வேண்டியது தேத்தண்ணியை. முதலாம் வருடத்தில் எனக்கே இதில் புள்ளி போனது.

திங்கட்கிழமை என் வகுப்பில் இருப்பவர்களுக்குப் பரீட்சை. வெளிவாரிப் பட்டம். முப்பத்திரண்டு பேர். சனிக்கிழமை கடைசி வகுப்பு.

புதன், 15

மழை. உடுப்புக் காயவில்லை. தலையிடி.

நஸ்ரின் அக்காவைப் பற்றி நேற்று எழுதவில்லை. எழுதப் பயம்.

மூதூரில் முன்பள்ளி ரீச்சர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், என்னை மிஸ் என்கிறார். இந்தப் பாடத்தை மூன்றாம் தரம் எழுதுகிறார். போன சனி, நான் பலகையில் எழுதி முடிக்க முதலே அவர் கொப்பியில் செய்து முடித்திருந்தார். கையைப் பாதி உயர்த்தி,

"மிஸ், அந்த ரெண்டு மத்தப் பக்கமெல்லா வரணும்?"

எனக்கு உள்ளங்கை வேர்த்தது. வெண்கட்டி ஈரமாகிவிட்டது. பின்வரிசை வாங்கிலிருந்து குணம் அண்ணன், துறைமுகத்தில் கிளார்க், எப்போதும் போல: "மிஸ் கதைக்கிறது வெண்கட்டிக்கு மட்டும்தான் கேக்குது. எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்கோ." எல்லாரும் சிரித்தார்கள்.

நான் யோசிக்கவேயில்லை. சிரிப்பு நிற்க வேண்டும் என்று மட்டும்தான். "சூத்திரம் இப்பிடித்தான் வரும். இதையே எழுதுங்கோ" என்றேன். அன்றைக்கு முழுக்க நான் சத்தமாகச் சொன்ன ஒரேயொரு வசனம்.

அவர் அழிறப்பர் எடுத்தார். சரியான விடையை அழித்தார். தூளை ஊதிவிட்டு நான் சொன்னதை எழுதினார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதன், இரவுச் சாப்பாட்டுக்கு முதல்

வட்ஸ்அப் குழுவில் எழுதியது:
1. "அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறு திருத்தம்." அழித்தேன். சிறு அல்ல.
2. "போன வகுப்புக் கணக்கில் எழுத்துப் பிழை." அழித்தேன். எழுத்துப் பிழை அல்ல, பொய்.
3. "மன்னிக்கவும்." அனுப்பப் போன நேரம் குணம் அண்ணன் ஒன்லைன். அழித்தேன்.

வீட்டில் பட்டம் முடித்த முதல் ஆள் நான். பட்டதாரிகள் பிழை விட்டால் பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

அம்மாவிடம் கணக்கை மட்டும் சொன்னேன். கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இருவதுக்குப் பத்தா? ஆளுக்கு அரைத் துண்டா? படகுக்காரர் என்னைத் தூக்கிக் கடலுக்க போட்டுடுவாங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் நின்றேன்.

வியாழன், 16

வெயில். சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, பேனை வாங்க வேண்டும்.

எனக்கு வகுப்புத் தந்திருக்கும் நிலையத்துச் சேரைப் பார்க்கப் போனேன். நின்றபடியே சொன்னேன். அவர் இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

"வேற ஆருக்கும் தெரியுமா?"

"இல்லை சேர்."

"அப்ப விடுங்கோ. பரீட்சைக்கு ரெண்டு நாள் இருக்கேக்க ஒண்டு பிழை எண்டு சொன்னா, மிச்சம் எல்லாத்தையும் சந்தேகப்படுவினம். அந்தக் கேள்வி வரும் எண்டு என்ன நிச்சயம்?"

"வந்தா, சேர்?"

"பிள்ளை, அடுத்த வருசமும் உங்களுக்கு வகுப்புத் தரலாம் எண்டு நினைச்சிருக்கிறன். பயப்படாம போங்கோ."

ஓம் சேர் என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம் சேர். படியிறங்கும் போது நிம்மதி. உண்மையாகவே நிம்மதி. படகுத்துறை வரைக்கும் அந்த நிம்மதியோடு நடந்தேன். அதை நினைக்கத்தான் இப்போது ஆகப் பயமாக இருக்கிறது.

பின்னேரம் குழுவில் நஸ்ரின் அக்கா ஐந்து பயிற்சிக் கணக்கு செய்து படம் எடுத்துப் போட்டிருக்கிறார். சப்பாத்துச் சோடியும் லேசும், சைக்கிளும் ரயரும், இப்படி ஐந்து. அழகான எழுத்து. அடிக்கோடு சிவப்பு மையில். கீழே: "மிஸ் சொன்ன மாதிரியே செஞ்சிருக்கன். சரிதானே?"

ஐந்திலும் அந்த இரண்டு பிழையான பக்கத்தில். ஒரு ரயருக்கு இரண்டு சைக்கிள்.

குணம் அண்ணன் பெருவிரல் போட்டிருந்தார். வேறு நான்கு பேரும். நான் பார்த்துவிட்டேன் என்று நஸ்ரின் அக்காவுக்குப் போனில் காட்டியிருக்கும்.

பேனை வாங்க மறந்துவிட்டேன்.

வெள்ளி, 17

மப்பும் மந்தாரமும். காற்று. இன்று படகு ஓடுமா என்று கடையில் எல்லாரும் அதே கதை. ஓடியது.

நித்திரை இல்லை. பயங்களை வரிசைப்படுத்தினேன், எது பெரியது என்று:
சேர் வகுப்பை எடுத்துவிடுவார்.
குணம் அண்ணன் சிரிப்பார்.
முப்பத்திரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள்.
நஸ்ரின் அக்கா மூன்றாம் தரமும் பெயிலாவார். ஏன் என்று அவருக்குத் தெரியவே வராது. தனக்கு மூளையில்லை என்று நினைப்பார்.

முதல் மூன்றையும் ஒரு பக்கம் வைத்தேன். நாலாவதை மற்றப் பக்கம். சமப்படவில்லை. மூன்றையும் இன்னும் எத்தனையால் பெருக்கினாலும் சமப்படாது.

நாளைக்குச் சொல்வேன். சேர் வாசலில் நின்றாலும் சொல்வேன். ஆனால் பலகைக்கு முன்னால் போனால் என் வாய் திறக்காது, அது எனக்குத் தெரியும். வெண்கட்டி திரும்ப ஈரமாகும்.

கோல் எடுக்க ஏலாது, குரல் நடுங்கும். எழுதி அனுப்புகிறேன். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன், பிறகு அப்படியே போனில். அழிக்காமல்.

நஸ்ரின் அக்கா, அந்த ஐந்து கணக்கும் பிழை. பிழை உங்களுடையது இல்லை, என்னுடையது. நீங்கள் முதலில் செய்ததுதான் சரி, ரெண்டு மற்றப் பக்கம்தான். நீங்கள் கேட்ட நேரம் நான் யோசிக்கவில்லை, பயந்துவிட்டேன். நாளைக்கு எல்லாரிடமும் இதைச் சொல்ல வேணும். கொப்பியில் அழித்த இடத்தில் பென்சில் தடம் இன்னும் இருக்கும். நாளைக்கு முதல் படகிலேயே வருவீங்களா? வந்து, பலகையில் அந்தக் கணக்கை நீங்களே செய்து காட்டுவீங்களா? நான் பக்கத்தில் நிற்கிறேன்.