வட்டப் பேருந்தில் போனேன்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. கடை நகர மையத்தில் இருக்கிறது. ரயிலில் போகச் சொன்னான் அறைத்தோழன். சீட்டு இயந்திரம் என்னை ஒருமுறை அவமதித்தபின் நான் ரயிலைத் தொடுவதில்லை. மையத்தைச் சுற்றிவரும் வட்டப் பேருந்தில் ஏறினேன்.

"பெரியவரே, எதிர்ப்பக்கம் ஏறியிருந்தா அடுத்த ஸ்டாப்தான். இறங்கி மாறிக்கோங்க" என்றார் ஓட்டுநர்.

"வட்டம்னா அங்கயும் வந்துதானே ஆகணும்? நீங்க ஓட்டுங்க."

ஊரெல்லாம் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது கடையைப் பூட்டியிருந்தார்கள். ஆனாலும் பேருந்து அங்கே போனதா, இல்லையா?

அடுத்த விடுமுறை வரை கண்ணாடி கிடையாது. இதையே குத்துமதிப்பாகத்தான் எழுதுகிறேன். நீ கொட்டை எழுத்தில் எழுது. தாள் தீரும் என்று விஷயத்தைக் குறைக்காதே. போன கடிதத்தை அறைத்தோழன்தான் படித்துக் காட்டினான். "வேளைக்குச் சாப்பிடுறீங்களா?" என்று நீ கேட்டதை அவன் குரலில் கேட்கச் சகிக்கவில்லை.

வேலைக்கு வேன் வந்துவிட்டது.

உன் கணவன்