இரண்டாவது சரணம் எங்களுடையது

எந்தப் பாட்டிலும் அரைத் தாளம் முந்திவிடும் என் அப்பாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்களோடு இல்லை. ஆனால் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அலுவலகத்தில் சொன்னால், ஒரு பாட்டுக் கச்சேரிக்கு இவ்வளவு கோபமா என்று சிரிப்பார்கள்.

கரைக் காகங்கள் வந்தார்கள், அப்பா. உண்மையாகவே வந்தார்கள். கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சிதறிப்போன உங்களுக்குப் பிடித்த அந்தப் பாட்டுக் குழுவின் ஐந்து பேரும் ஒரே மேடையில். வெள்ளவத்தையில் காலி வீதி முழுக்க அவர்களுடைய படம். கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டே போனேன். "ஒருநாள் சேருவினம், இருந்து பார்" என்று சொல்லிச் சொல்லியே நீங்கள் போய்விட்டீர்கள். இன்னும் ஒரு வருடம் பொறுத்திருக்கக் கூடாதா? சரி, கோபம் கொஞ்சம் உங்களோடும்தான்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கலவரத்துக்கு முன்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு கார்னிவல். காகங்கள் 'வத்தளை பஸ்' பாடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. மைக் இல்லை, கிற்றார் இல்லை. மேடை வாயடைத்து நிற்க, இருட்டில் நின்ற சனம் இரண்டாவது சரணத்தைத் தானே பாடி முடித்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அந்த இடம் வந்ததும் டிரம்ஸ் அடிக்கிறவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குவார், வாத்தியம் எல்லாம் நிற்கும், சரணம் சனத்துக்கு.

அப்படியொரு கச்சேரியில் பதிந்த நம் வீட்டுக் கசெட்டில் அந்தச் சரணம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான குரல்களுக்கு முன்னால் ஒரு குரல் மட்டும் அவசரப்பட்டுத் தொடங்கும்: "கொண்டக்டர் அண்ணே, மணி அடிக்காதேங்கோ, அவள் இன்னும் திரும்பிப் பாக்கேல்லை." அது நான்தான் என்பீர்கள். "விடுங்கோ உங்கட புளுகை" என்பார் அம்மா. நான் நம்பினேன். என் பட்டமளிப்பு விழாவில் என் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே கைதட்டிய மனிதர் அல்லவா நீங்கள்? வேறு யாருடைய பிள்ளைக்கோ விழுந்தது அந்தக் கைதட்டல்.

உங்களுக்குப் பதிலாக அந்தச் சரணத்தைப் பாடத்தான் போனேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான். வீட்டில் கதவைச் சாத்திவிட்டுப் பழகினேன். அம்மாவும் வந்தார், முணுமுணுத்துக்கொண்டே. "செத்த மனிசன்ர ஆசைக்கு நான் ஏசிக்குள்ள விறைக்க வேணுமோ?"

முன் வரிசைகளில் சோபா போட்டிருந்தார்கள், விளம்பரம் கொடுத்தவர்களுக்கு. பாதிப் பேர் திரும்பியிருந்து தங்களையே படம் எடுத்தார்கள். உங்களைப் போன்றவர்கள் எல்லோரும் கயிற்றுக்குப் பின்னால். கொச்சிக்கடையில் மூட்டை ஏற்றிய கைகள், வத்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த கிழவர்கள், ஒரு வரி பிசகாமல் பாட்டு முழுக்கத் தெரிந்தவர்கள்.

அறிவிப்பாளர் வந்தார். "லைவ் போகுது. தயவுசெய்து எல்லாரும் இருந்தே ரசியுங்கோ. ஆரும் கூடப் பாட வேண்டாம், சவுண்ட் குழம்பும்."

கூடப் பாட வேண்டாமாம்! எனக்குப் பின்னால் ஒரு கிழவர், "அப்ப என்னத்துக்கடா எங்களைக் கூப்பிட்டனீங்கள், கதிரை நிரப்பவோ?" என்று கத்தினார். சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

'வத்தளை பஸ்' தொடங்கியது. பாடகர் அன்ரனின் குரல் கசெட்டில் இருந்ததைப் போலவே இருந்தது. ஒரு கரகரப்புக்கூட இல்லை. எழுபது வயதில் எப்படி என்று வியந்தேன், முட்டாள்தனமாக. முதல் சரணம் முடிந்தது. சபீக் நானா, அதே டிரம்ஸ்காரர், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

டிரம்ஸ் நிற்கவில்லை, அப்பா.

அவருடைய குச்சிகள் அந்தரத்தில் நிற்க, ஸ்பீக்கரிலிருந்து டிரம்ஸ் அடித்துக்கொண்டே இருந்தது. கிற்றாரும் குரலும் அப்படியே ஓடின. முழுவதும் எங்கோ முன்பே பதிவு செய்தது. எங்களுடைய சரணத்தையும் அன்ரனே பாடி வைத்திருந்தார். சோபாக்காரர்கள் எதையும் கவனிக்கவில்லை. சபீக் நானா மட்டும் கையை இறக்கவும் தெரியாமல், பிடிபட்டவர்போல நின்றார்.

நான் எழும்பிவிட்டேன். "நிப்பாட்டுங்கோ அதை!"

என் குரல்தானா அது? தலைகள் திரும்பின. காவலுக்கு நின்றவர் ஓடிவந்து, "நங்கி, வாடி வென்ன" என்று சிங்களத்தில் உட்காரச் சொன்னார். "இருக்க மாட்டன்! அது எங்கட இடம்! நிப்பாட்டுங்கோ!" பின்னால் கிழவர்களும் எழும்பிக் கத்தத் தொடங்க, சவுண்ட்காரர் பதறிப்போய் எதையோ அமத்தினார். மண்டபம் அமைதியானது.

அந்த அமைதிக்காகத்தானே போனேன்? வாய் திறந்தேன். வரவில்லை. கத்தத் தெரிந்த தொண்டைக்குப் பாட்டு வரவில்லை.

"கொண்டக்டர் அண்ணே..." என்று பக்கத்தில் ஒரு மெல்லிய குரல். அம்மா. சுருதி எங்கோ, தாளம் எங்கோ. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் பாடினார். கயிற்றுக்குப் பின்னால் இருந்த எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மணி அடிக்காதேங்கோ. அவள் இன்னும் திரும்பிப் பாக்கேல்லை.

இரண்டு வரி. அவ்வளவுதான் கிடைத்தது. அறிவிப்பாளர் ஓடிவந்து, "சின்னத் தடங்கல், மன்னிக்கோணும்" என்றார். பதிவை மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். மிச்ச வரிகளை அந்த இரைச்சல் விழுங்கிவிட்டது.

கச்சேரி முடிந்து வெளியே போகும் வழியில் அன்ரன் என் முன்னால் நின்றார். "வயசு போட்டுது மகள். அந்தச் சுருதி இப்ப எட்டாது. உங்களை ஏமாத்தக் கூடாதெண்டுதான்..." நான் வழக்கம்போல நிலத்தைப் பார்த்தேன். இப்போது சொல்கிறேன், அன்ரன் ஐயா. குரல் போனது உங்கள் குற்றமில்லை. நீங்கள் கரகரத்திருந்தால் நாங்கள் தாங்கியிருப்போம். மின்சாரம் இல்லாதபோது தாங்கிய சனம் அல்லவா? நீங்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் எங்கள் வாயையும் அடைத்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சபீக் நானா பின்னால் வந்தார். "மறதியில செஞ்சிட்டன் மகள். எத்தின தரம் சொன்னாங்க, கைய நிப்பாட்ட வேணாம் எண்டு. அந்த எடம் வந்தா கை தானா மேல போகுது." பிறகு அவராகவே சிரித்தார். "அதுவும் கொஞ்சம் முந்தியே போகும். அந்தக் காலத்துல ஸ்பீக்கருக்குப் பக்கத்துல ஒரு மனிசன் நிப்பாரு. எப்பவும் முந்திக்கொண்டு தொடங்குவாரு. அவருக்காகவே நான் முந்தித் தூக்கிப் பழகிட்டன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். "என்ன பாக்கிறாய்? வேற ஆர்?" என்றார்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், பாட்டு எப்படிப் பாடம் என்று. "முப்பது வருசம் குளிக்கிற அறைக்குள்ள இருந்து அந்த மனிசன் பாடக் கேட்டா ஆருக்குத்தான் பாடமாகாது?" முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். உங்கள் புளுகை அவர் எப்போதிருந்து நம்பினார், அப்பா?

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன். அடுத்த மாதம் உங்கள் ஆட்டைத் திவசம், முதலாம் ஆண்டு. சபீக் நானா விமானம் ஏறுமுன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். "திவசத்தில பஸ் பாட்டோ? சனம் என்ன கதைக்கும்?" என்று அம்மா இரண்டு நாள் கத்திவிட்டு, இன்று காலை, "அவருக்குத் தாளம் தட்ட நல்ல கதிரை ஒண்டு வேணுமெல்லே?" என்று கேட்டார்.

இந்த முறை நான் பாடுவேன். மிச்ச வரிகளையும் சேர்த்து, சரணம் முழுவதையும். இது உங்களுக்குத் தரும் வாக்கு. அவர் கை மேலே போகும். நீங்கள் வழக்கம்போல முந்தித் தொடங்குங்கள். நாங்கள் பின்னால் வந்து பிடித்துக்கொள்கிறோம்.

பெயர் கூப்பிடும் முன்பே நீங்கள் கைதட்டிய
உங்கள் மகள்