சூடு தெரியாத இடம்

1985 ஜூலை 22, திங்கள்

ஆடிக் காற்று. கொடியில் காயப்போட்ட யூனிபாரம் முழுக்க மண். மறுபடி துவைக்கணும்.

நர்ஸ் படிப்பில் இன்று முதல் தோல் பிரிவு. மேக்யூல் = தட்டை, நிறம் மட்டும் வேறு. பாப்யூல் = சின்ன மேடு. வெசிக்கிள் = நீர் கோத்தது. எரித்திமா = சிவப்பு. எங்கள் எழுமலையில் தேமல், படை, அக்கி என்றால் முடிந்தது. இங்கே அப்படிச் சொன்னால் திட்டு. பேர் வைக்காதே, பார்த்ததைச் சொல் என்கிறார் டாக்டரம்மா.

சோப்பு வாங்கணும்.

ஜூலை 24, புதன்

மானம் போச்சு. பரவையிலிருந்து வந்த பெரியவர், விலாவில் பட்டையாகச் சிவப்பு. முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் முன்னால் போனேன். "எரித்திமா, ஓரம் தெளிவு" என்றேன். டாக்டரம்மா ஈரப் பஞ்சால் துடைத்தார். என் எரித்திமா பஞ்சோடு வந்துவிட்டது. அக்கிக்குக் குயவர் எழுதிய காவி! சின்ன வயதில் என் முதுகிலேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கே தெரியாமல் போச்சே! பெரியவருக்குத்தான் வருத்தம். "தொடச்சுப்புட்டீகளே தாயி, இனி மறுபடி எழுதணும்ல."

துடைத்துப் பார், தொட்டுப் பார், கேட்டுப் பார், அப்புறம் வாயைத் திற என்றார் டாக்டரம்மா. ரூமில் வசந்தா இன்னும் சிரிக்கிறாள். சனியன்.

ஜூலை 26, வெள்ளி

இன்று தொழுநோய்ப் பாடம். வெளிறிய மேக்யூல், அதில் உணர்ச்சி இருக்காது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொடணும்.

சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மாவின் வலது முழங்கைக்குக் கீழே ஒரு தேமல். தேமல் விழுந்தால் அழகு என்று தெருவே சொல்லும். சித்திரையில் ஊருக்குப் போனபோது சோறு வடிக்கையில் கொதிக்கிற கஞ்சி அதில் கொட்டியது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். தோல் கெட்டி என்று பெருமை வேறு. நானும் சிரித்தேன்.

அதுவாக இருக்கக் கூடாது. இருந்தால் குழாயடியில் அவளைத் தண்ணீர் பிடிக்க விடுவார்களா? வசந்தாவிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

காலை பஸ்ஸில் ஊருக்கு. உசிலம்பட்டி வரை நின்றுகொண்டே. அம்மா தனியாகத்தான் இருந்தாள். கண்ணை மூடும்மா, தொடும்போதெல்லாம் சொல்லு என்றேன். உள்ளங்கையில் சொன்னாள். தோளில் சொன்னாள். தேமலில் தொட்டேன். திரும்பவும் தொட்டேன்.

"என்னத்தா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

பஞ்சைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் போயிருமா என்று கேட்டாள். போகாதும்மா, இப்போது புது மாத்திரை வந்திருக்கிறது, சீக்கிரம் போனால் குணமாகும் என்றேன்.

"அப்ப எதுக்கு அழுகுற? காலையில எந்தப் பஸ்ஸுக்குப் போகணும்?"

ஜூலை 29, திங்கள்

காற்று குறைவு. அம்மா புளிச்சோறு கட்டி எடுத்து வந்தாள், ஆஸ்பத்திரிக்கு அல்ல, திருவிழாவுக்கு வருகிறவள் மாதிரி.

டாக்டரம்மா என்னையே சொல்லச் சொன்னார். வெளிறிய மேக்யூல், ஓரம் தெளிவு, தொடு உணர்ச்சி இல்லை. துடைத்தாயா? துடைத்தேன். தொட்டாயா? தொட்டேன். நோயாளியிடம் கேட்டாயா?

"கேட்டேன் மேடம். எங்க அம்மாதான்."

வசந்தா பக்கம் நான் பார்க்கவே இல்லை. டாக்டரம்மா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். எல்லாம் நன்றாக இருக்கிறது, நல்ல சமயத்தில் வந்தீர்கள், குணமாகிவிடும் என்றார். மாத்திரை தின்றால் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது. அம்மா தலையாட்டிக்கொண்டாள்.

மதியம் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்தோம். வசந்தா வந்தாள். ஒன்றும் கேட்காமல் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள், உள்ளங்கையை நீட்டினாள். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே அள்ளி வைத்தாள். தின்று முடித்து வசந்தா மறுபடியும் நீட்டினாள்.