ஆறு இலக்கச் சமாதானம்

அன்புள்ள கோபக்காரிக்கு,

போன் ரிப்பேர்க்காரர் பாஸ்வேர்ட் கேட்டதும் நான் திருதிருவென்று விழித்தேன். "சொல்லுங்களேன், நான் என்ன வெளியாளா?" என்று நீதான் இடித்தாய். "சிடுமூஞ்சி" என்றேன். கடையே சிரித்தது. நீ நேரே உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய்.

யாராலும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டை வைக்கச் சொன்னார்கள். உன்னை வெளியில் பார்ப்பவர்கள் அப்படி ஊகிப்பார்களா, நீயே சொல்!

நேற்று அதைத் "தங்கம்" என்று மாற்றப் பார்த்தேன். வலுவில்லை என்று போன் தள்ளிவிட்டது. கூடவே மெயிலுக்கு இரட்டைப் பாதுகாப்பு என்று இன்னொரு போன் நம்பர் கேட்டது. அசட்டுத் தைரியத்தில் உன் நம்பரைக் கொடுத்தேன். இனி என் மெயிலை நான் திறக்கவே உன் போனுக்கு வரும் ஆறு இலக்க எண் வேண்டும். நீயோ என் அழைப்பையே எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதே என்று அது வரும் மெசேஜிலேயே எழுதியிருக்கும். நியாயம்தான், போனில் சொல்லாதே. வீட்டுக்கு வந்து காதில் சொல்.

இப்படிக்கு,
தன்னைத் தானே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்ட உன் புருஷன்