சதுரத்துக்குள் அடங்காத படம்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். சண்டை போட்டுவிட்டுப் போனவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் பேனாவை எடுக்கும்படி ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். நம் 'கண்ணீர்' படத்தைத் தலைநகரில் ஒரு பெரிய கண்காட்சியில் வைக்கப் போகிறார்களாம். புது பிரிண்ட் கேட்கிறார்கள். நெகடிவ் உன்னிடம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பியபோது புடவையைக்கூட விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனவள் ஆயிற்றே நீ. பதிவுத் தபாலில் அனுப்பிவிடு.

நெகடிவிலிருந்து படம் போட பழைய என்லார்ஜர் தேடி அலைகிறாய் என்று லென்ஸ் ரிப்பேர்காரர் சொன்னார். சிரிப்பு வந்தது. நீ படம் எடுப்பாய், நான் இருட்டறைக்குள் போவேன்; அப்படித்தானே ஓடியது நம் வண்டி? கேட்கவே மாட்டாய் என்றால் ஒரு யோசனை. வேதியியல் டீச்சர் ஒருவர் தன்னுடையதை விற்கிறார். சின்னது, சுத்தமானது, லென்ஸில் பூஞ்சை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பத்திரிகை அலுவலகத்தில் ஒன்று கிடக்கிறது, அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே.

உன்
ஸ்டுடியோக்காரன்

---

மார்ச் 11

ஸ்டுடியோக்காரருக்கு,

டீச்சர் வீட்டுக்குப் போனேன். என்லார்ஜருக்கு உறை தைத்துப் போட்டு வைத்திருக்கிறார். மூடியைத் திறந்தால் பளிச்சென்று இருக்கிறது. சிவப்பு விளக்கையும் சும்மாவே தருகிறேன் என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் பையிலிருந்து நம் நெகடிவை எடுத்து, அதை வைக்கிற தட்டில் வைத்துப் பார்த்தேன்.

தட்டு சதுரம். நெகடிவ் நீளம். இடது ஓரத்தில் நாலு பெண்கள், வலது ஓரத்தில் கார், எல்லாம் தகரத்துக்கு அடியில் போய்விட்டது.

"பாதிதாங்க வரும்," என்றார் டீச்சர். "இதைப் போய் யாரு உங்களுக்குச் சொன்னது?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

அவர் உறையை எடுத்து மறுபடி மாட்டினார். என் நெகடிவ் என்ன அளவு என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதானே அனுப்பினீர்கள்?

அன்றைக்கு மில் வாசலில் நின்றவள் நான். பூட்டிய கேட்டுக்கு முன்னால், அதைத் திறக்கச் சொல்லி, பன்னிரண்டு பெண்கள் ஆறு நாளாக உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் அவர்களைத் திட்டிக்கொண்டே காரைப் பின்னால் எடுத்தார். பின்சக்கரம் சாக்கடையில் இறங்கிவிட்டது. பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவில் இருந்தவள் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடி, வாயைத் திறந்து சிரித்தாள். நீங்கள் அவள் முகத்தை மட்டும் எடுத்து 'கண்ணீர்' என்று பெயர் வைத்தீர்கள். கீழே உங்கள் கையெழுத்து. மேடையில் மாலையும் உங்களுக்குத்தான்.

போன மாதம் நடுவில் சிரித்த அந்த அம்மாவைப் பார்த்தேன். என் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். "இருபத்தாறு வருஷமா என்னைப் பாக்கிறவங்க எல்லாம் உச்சுக் கொட்டுறாங்க. நான் அன்னிக்கு அழவே இல்லைம்மா," என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. என்லார்ஜர் தேடுவது முழுப் படத்தையும் போட்டு அவருக்குக் காட்டத்தான். நெகடிவ் வராது.

வாயாடி

---

மார்ச் 20

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறையும் திட்டுத்தான் இருந்தது.

நம் மெஷினில் சதுரமாகத்தான் விழும். அது என் தப்பா? அத்தனை பேர் சிரிக்கிற படத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அந்த ஒரு முகம்தான் நமக்குச் சோறு போட்டது. அதைப் பார்த்துத்தான் கல்யாண வீட்டுக்காரர்கள் நம்மைத் தேடி வந்தார்கள்.

பத்திரிகை அலுவலகத்து மெஷினில் உன் நெகடிவ் முழுதாக அடங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது யானை. கம்பம் ஆடும். தலைப்பகுதியில் வெளிச்சம் கசியும். பக்கத்து அறையில் யாராவது நடந்தால்கூடப் படம் கலங்கும். அதைத் தூக்கவே நாலு பேர் வேண்டும். உன்னால் முடியாது.

பேசாமல் வந்துவிடேன். இங்கே எல்லாம் இருக்கிறது. கண்காட்சியில் இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்கிறேன். படம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்த அதே படமாக இருக்கட்டும். சட்டைக்குப் பட்டன் நானே தைத்துக்கொள்கிறேன், கோணலாக. நீ இல்லாமல் இந்த வீட்டில் என்னைத் திட்டக்கூட ஆள் இல்லை.

உன்
ஸ்டுடியோக்காரன்

---

ஏப்ரல் 9

அன்புள்ள ஸ்டுடியோக்காரருக்கு,

யானையை வாங்கிவிட்டேன்.

நீங்கள் சொன்ன குறை எல்லாம் உண்மை. கம்பம் ஆடியது, மேல்முனையை இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு சேர்த்து முடுக்கிவிட்டேன். வெளிச்சம் கசிந்தது, கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றிவிட்டேன். நாலு பேர் வேண்டும் என்றீர்கள். தையல் கடைப் பெண்கள் ஐந்து பேர் வந்து மாடிக்கு ஏற்றினார்கள். முதல் ஏழு தாளும் கரியாகப் போயின. எட்டாவது சரியாக வந்தது.

சதுரத்துக்கான பழியை மெஷின் மேல் போடுகிறீர்கள், சரி. அந்தச் சதுரத்திலும் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். தலைப்பகுதியை உயர்த்தி உயர்த்தி ஒரே ஒரு முகமாக ஆக்கியது உங்கள் கை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், பேசாமல் இருந்தேன். வாயாடி என்று எனக்குப் பெயர். பேச வேண்டிய அன்றைக்குப் பேசவில்லை. அந்த வெட்கம் எனக்கும் உண்டு.

ஒன்பதாவது தாளைப் போடும்போது அந்த அம்மாவையும் கூப்பிட்டேன். மருந்துத் தட்டில் முதலில் காரின் சக்கரம் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொரு முகமாக வந்தது. அவர் தட்டின் மேல் குனிந்து, "இவ செத்துப் போயிட்டா. இவ என் நாத்தனார். இது நான்," என்று விரலைக் காட்டிக்கொண்டே போனார். "பாரும்மா, எப்படிச் சிரிக்கிறேன்! இது எடுத்த நாலாம் நாள் கேட்டைத் திறந்துட்டாங்க, தெரியுமா? நாங்க ஜெயிச்சுட்டோம்!" என்றார். நான்தான் அழுதேன். அவர் என் முதுகில் ஒன்று வைத்தார்.

கண்காட்சிக்காரர்களுக்கு முழுப் படத்தை அனுப்பிவிட்டேன். எடுத்தவள் நான், வெட்டியவர் என் கணவர், சிரிப்பவர்கள் இவர்கள் என்று பன்னிரண்டு பேரின் பெயரையும் எழுதினேன். வைப்பதும் வைக்காததும் அவர்கள் இஷ்டம். தையல் கடைச் சுவரில் ஏற்கனவே மாட்டியாகிவிட்டது.

உங்களுக்கும் ஒன்று இத்துடன் வருகிறது. ஸ்டுடியோ ஜன்னலில் 'கண்ணீர்' தொங்கும் ஃப்ரேம் இதற்குப் போதாது, நீளமாகப் புதிதாகச் செய்ய வேண்டும். ஓரத்தில் கத்தரி வைக்காதீர்கள்.

வரச் சொல்லியிருந்தீர்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. உங்களைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி காலை பேருந்தில் உங்கள் தெரு வழியாகப் போகிறேன். ஜன்னலோரம்தான் உட்காருவேன். பன்னிரண்டு பேரும் ஸ்டுடியோ ஜன்னலில் தெரிந்தால் இறங்குவேன். டிக்கெட் கடைசி நிறுத்தம் வரைக்கும் எடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
படம் எடுத்தவள்